இரண்டாம் பூட்டு

புதிய கைப்பேசியிலோ ஆய்வுக்கூடக் கணினியிலோ மின்னஞ்சலைத் திறக்க முயல்கிறோம். கடவுச்சொல் சரியாகவே இருக்கிறது. ஆயினும் மேலும் ஒரு சான்று கேட்கப்படுகிறது. இஃது ஏன்?

கடவுச்சொல் நாம் அறிந்த ஒன்று. நாம் அறிந்ததைப் பிறரும் அறிந்துகொள்ளக் கூடும். ஆகவே, நம் கையில் உள்ள பொருளொன்றையும் சான்றாகக் கேட்பதே இருபடிச் சரிபார்ப்பு. பழகிய கருவியில், முன்னமே சரிபார்த்ததற்கு அடையாளமாக ஒரு சிறு குறிப்பு பதிந்திருக்கும். புதிய கருவியில் அது இல்லை. அதனால்தான் கேள்வி எழுகிறது.

சான்றாகும் எண்ணைப் பெறப் பெரிதும் வழங்கும் வழிகள் இரண்டு. ஒன்று குறுஞ்செய்தி, மற்றொன்று கைப்பேசிச் செயலி. பின்னது அறிவியல் மாணவர்க்குச் சுவையானது. தொடக்கத்தில் கியூஆர் குறியைப் படம்பிடிக்கும்போது, ஓர் இரகசியக் குறி நம் கைப்பேசியிலும் பதிவாகிறது. அதுவே நிறுவனத்திடமும் இருக்கிறது. 1970 சனவரி 1 முதல் கழிந்த நொடிகளை 30ஆல் வகுத்து, வரும் முழு எண்ணோடு அந்த இரகசியத்தையும் சேர்த்து, இரு பக்கமும் ஒரே கணக்கைச் செய்கின்றன. விடையிலிருந்து பிரித்தெடுத்த ஆறு இலக்கங்களையே நாம் காண்கிறோம். 30 நொடியில் அவை மாறிவிடும். இதற்கு இணையத் தொடர்பு வேண்டியதில்லை. கடிகாரம் சரியாக ஓடினால் போதும். இம்முறை பொதுவிதியாக வெளிவந்தது 2011இல்.

குறுஞ்செய்தியோ, எண் நம்மிடம் உள்ளவரைதான் உதவும். தில்லிக்குப் படிக்க வரும் நம்மவர் சிலர் ஊரில் வாங்கிய சிம் அட்டையைக் கைவிட்டுப் புதிது வாங்குகின்றனர். கைவிட்ட எண் குறைந்தது 90 நாள் கழிந்தபின் முன்பின் அறியாத ஒருவருக்குப் போய்ச் சேரலாம். என் விடுதி நண்பர் ஒருவர் இவ்வாறு எண்ணை மாற்றினார். பிறகு அவருடைய கணினி பழுதாயிற்று. புதிய கணினியில் நுழைய இயலாமல், ஈராண்டு ஆய்வுக் குறிப்புகளை இழந்தார்.

ஆதலின், எண்ணை மாற்றுமுன் கணக்கிலும் மாற்றிவிடுங்கள். நிறுவனம் தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிச் சான்றிதழ்களோடு பெட்டியில் வையுங்கள். பொதுக் கணினியில் ‘இக்கருவியை நம்புக’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டா.

இன்னொன்றும் சொல்ல விழைகிறேன். அயலூரில் தமிழ்க்குரல் கேட்டால் மனம் நெகிழ்வது நம் இயல்பு. ஆயினும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இனிய தமிழிலேயே கேட்டாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். கள்வனுக்கு அந்தச் சில நொடிகளே போதும்.