அடிக்காத சாட்டை

சாட்டை ‘படீர்’ என்று வெடித்தால், யார் முதுகிலோ மாட்டின் விலாவிலோ அடி விழுந்துவிட்டதாகவே நம் காது எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சத்தம் பிறக்கும்போது சாட்டையின் நுனி எதன் மேலும் படுவதில்லை. வெறும் காற்றில், ஒலியையே முந்திக்கொண்டு பாயும்போதுதான் அது வெடிக்கிறது. வழியில் எதிலாவது பட்டுவிட்டால் ‘சொத்’தென்று ஒரு மந்தமான ஓசைதான் மிஞ்சும். ஆகவே நன்றாகச் சாட்டை சொடுக்கத் தெரிந்தவர் என்றால், எதையும் தொடாமல் சொடுக்கத் தெரிந்தவர் என்று பொருள். இதை ஒப்புக்கொண்டால், சாட்டையைத் தண்டனைக் கருவியாக மட்டுமே பார்த்துவந்தது போதாது என்பதும் விளங்கும். உலகின் வேறு சில ஊர்களில் இருப்பதுபோல அது ஒரு விளையாட்டாகவும் கைவினையாகவும் வளர்வதற்குத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்பதே என் கருத்து.

இந்தப் பக்கத்துக்குச் சாட்டை புதிதல்ல. கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்துகொண்டு 1904-இல் செங்கோட்டைக்கு ரயில் வந்தது. அதுவரை ஆரியங்காவுக் கணவாயில் சரக்கு ஏறி இறங்கியது பெரும்பாலும் மாட்டின் தயவில்தான். வண்டிக்காரர் கைச்சாட்டை எளிமையானது: ஒரு பிரம்பு அல்லது மூங்கில் கம்பு, அதன் முனையில் பின்னிய தோல் வார், வாரின் கடைசியில் கொஞ்சம் நூல். தென்மாவட்டங்களில் கோயில் கொடையை ஒட்டி இன்றும் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கிறது. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு என்று பிரிவு பிரிவாக வண்டிகள் சாலையில் பறக்கின்றன. சிலம்பத்தில் கம்பு கைவந்தபின் ஆசான் சொல்லிக்கொடுக்கும் ஆயுதங்களில் மான்கொம்பு, சுருள்வாள் ஆகியவற்றோடு சாட்டையும் உண்டு. பம்பரம் விடும் பையன்களைப் பாருங்கள். ஆட்டம் இல்லாத நேரத்தில் பம்பரச் சாட்டையைக் காற்றில் சொடுக்கிப் பார்க்காத பையன் அரிது. கை பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்குள் என்ன அறிவியல் இருக்கிறது என்பதைத்தான் நாம் அதிகம் பேசியதில்லை.

சாட்டையின் சூட்சுமம் அதன் மெலிவில் இருக்கிறது. பிடியருகே விரல் பருமன் இருக்கும் வார், போகப்போக இளைத்துக்கொண்டே வந்து கடைசியில் சில இழைகளில் முடிகிறது. கையை முன்னே வீசிச் சட்டென்று நிறுத்தினால் வாரில் ஒரு வளைவு உண்டாகிறது. வளைவுக்கும் கைக்கும் இடைப்பட்ட பகுதி ஏறத்தாழ நின்றுவிட, வளைவைத் தாண்டிய பகுதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. வளைவு நுனியை நோக்கி நகர நகர, ஓடும் பகுதியின் நீளமும் குறைகிறது, பருமனும் குறைகிறது. கை கொடுத்த ஆற்றலில் பெரும்பங்கு அப்படியே இருக்க, அதைச் சுமக்கும் எடை மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது. எடை குறைந்தால் வேகம் ஏறித்தானே ஆக வேண்டும்? சாதாரண மனிதக் கையின் வீச்சு, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள், ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடுகிறது. காற்றில் ஒலியின் வேகம் 30 பாகை செல்சியஸில் நொடிக்குச் சுமார் 349 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். உறைநிலையில் அது 331 மீட்டர்தான். எனவே பனிக்காலத்தில் சொடுக்கும் ஆல்ப்ஸ் மலைக்காரரைவிட, பங்குனி வெயிலில் சொடுக்கும் தென்காசிக்காரர் சற்று உயரமான தடையைத் தாண்டியாக வேண்டும்.  

ஒலியை முந்துவதால்தான் சத்தம் வருகிறது என்பதை மறுப்பவர்கள் உண்டு. வார் மடங்கித் தன் மேலேயே அடித்துக்கொள்வதால்தான் சத்தம் வருகிறது, தோலும் தோலும் மோதும் ஓசைதான் அது என்ற எண்ணம் பழையது. பார்வைக்கு நியாயமாகவும் படுவது. ஆனால் ஜெர்மன் இயற்பியலாளர் ஓட்டோ லும்மர் 1905-லேயே நுனி ஒலியை முந்துவதால் வரும் அதிர்வு இது என்று ஊகித்தார். 1927-இல் பிரான்ஸில் காரியேர் நிழற்படமுறையில் அந்த அதிர்ச்சி அலையைப் பதிவு செய்தார். 1958-இல் அமெரிக்காவில் பெர்ன்ஸ்டைன், ஹால், டிரென்ட் ஆகியோர் அதிவேகப் புகைப்படங்களைக் கொண்டு நுனியின் வேகத்தை அளந்தார்கள். அலை விரியும் இடத்தில் நுனி தனியாகக் காற்றில்தான் இருக்கிறது, எதோடும் மோதியிருக்கவில்லை. இதோடு விவகாரம் முடிந்திருக்க வேண்டும். 1998-இல் பீட்டர் கிரெல் குழுவினர் நுட்பமாக அளந்தபோது புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. வெடிப்பு கிளம்பும் சமயத்தில் நுனி ஒலியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒலியைத் தாண்டியதும் சத்தம் வர வேண்டும் என்றால், இரண்டு மடங்கை எட்டும்வரை ஏன் காத்திருக்கிறது?

அரிசோனா பல்கலைக்கழகத்தின் அலான் கோரியெலி, டைலர் மெக்மில்லன் இருவரும் 2002-இல் கணிதவழி தந்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. சத்தத்துக்கு உரியது நுனி அல்ல, நகர்ந்து வரும் வளைவு என்றார்கள். தரையில் விரித்த பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கி மடித்து மறுபக்கமாக இழுத்தால், மடிப்பு ஒரு முழம் நகரும்போது கையில் இருக்கும் ஓரம் இரண்டு முழம் நகர்ந்திருக்கும். சாட்டையிலும் அதே கணக்குத்தான்: வளைவு ஒலியின் வேகத்தை எட்டும்போது நுனி அதைப் போல் இரு மடங்கில் பாய்கிறது. கிரெல் அளந்ததும் பொய்யில்லை, ஒலியை முந்துவதே காரணம் என்று லும்மர் ஊகித்ததும் பொய்யில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டைச் சொடுக்குகிறவர்கள் கையிலும் இதே விஷயம் சிறு அளவில் நடக்கிறது. சொடுக்கிய துண்டின் நுனி ஒலியை முந்துமா என்று அமெரிக்காவின் வட கரோலினாவில் பள்ளி மாணவர்கள் படம்பிடித்துப் பார்த்து, முந்தும் என்று 1993-இல் ஆசிரியர்களுக்கான ஓர் இதழில் எழுதினார்கள். விலை உயர்ந்த ஆய்வுக்கூடம் இல்லாமலே மீயொலி வேகத்தைத் தொட மனிதனிடம் இருக்கும் மிக எளிய கருவிகள் இவைதாம். நம் பள்ளி இயற்பியல் பாடத்தில் இதற்கு இடம் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பிற நாடுகளில் இதை எப்படி வைத்திருக்கிறார்கள்? ஆஸ்திரேலியாவில் மந்தை மேய்ப்பவர்களின் சாட்டை, கங்காரு தோலை மெல்லிய வார்களாகக் கீறிப் பின்னுவது. மெலிதாகக் கீறினாலும் அறுபடாத தோல் அது. அங்கே பின்னுகிறவர்களும் சொடுக்குகிறவர்களும் சேர்ந்து சங்கம் வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். 2000-இல் சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவே குதிரைமேல் வந்த ஒரு மேய்ப்பர் சாட்டை சொடுக்கியதில்தான் ஆரம்பமானது. பவேரியாவில் நாட்டுப்புற இசைக்குத் தாளமாகவே சாட்டை சொடுக்குகிறார்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பக்கம் பனிக்கால இறுதியில் குழுவாக வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தாளம் பிசகாமல் சொடுக்கும் வழக்கம் அந்நாட்டின் மரபுப் பட்டியலிலேயே சேர்ந்திருக்கிறது. மெழுகுவத்திச் சுடரை மட்டும் அணைப்பது, இரண்டு கையிலும் மாற்றி மாற்றிச் சொடுக்குவது என்று ஆர்வலர்களின் போட்டிகள் போகின்றன. இவற்றில் எதிலும் அடிபடுகிற ஆள் கிடையாது. துல்லியத்துக்கும் தாளத்துக்கும்தான் மதிப்பெண்.

கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் சாட்டைக்கு ரத்த வாடை உண்டு. தஞ்சை வயல்களில் பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்ததையும், பொதுவுடைமை இயக்கத்தின் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் 1940-களில் அதற்கு எதிராக அவர்களைத் திரட்டியதையும் மறந்துவிட்டு, இதை வெறும் பொழுதுபோக்கு என்று கொண்டாடச் சொன்னால் அது அநியாயம். அந்த நினைவு வலிக்கிறவர்களுக்கு இயற்பியல் பாடம் நடத்தவும் நான் துணிய மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லலாம். வெள்ளைக்கார அரசின் 1864-ஆம் ஆண்டுக் கசையடிச் சட்டத்துக்குப் பதிலாக 1909-இல் வந்த சட்டம் 1955-இல்தான் ஒழிந்தது. அந்தக் காலக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பெரியவர்களைக் கசையடிக்க அரை அங்குல விட்டத்துக்குக் குறையாத பிரம்பைக் குறிப்பிட்டது. நுனி மெலிந்து காற்றில் வெடிப்பது அல்ல, உடம்பில் பதியும் தடி. வலிக்கச் செய்ய நினைத்தவர்களுக்குச் சொடுக்கும் கலை தேவைப்படவில்லை. ஆற்றல் காற்றில் ஒலியாகப் போய்விட்டால் அவர்கள் நோக்கம் நிறைவேறாது. கொடுமை நடந்தது மறுக்க முடியாதது. அதைச் செய்த கையும் இந்தக் கலையைப் பழகிய கையும் வேறு வேறு.

தெருவில் உறுமியைத் தேய்த்துக்கொண்டு ஒருவர் வர, இன்னொருவர் கனத்த கயிற்றுச் சாட்டையை வெடிக்கவிட்டுத் தன் மேலேயே அடித்துக்கொண்டு காசு கேட்கும் காட்சியைப் பலர் பார்த்திருப்பார்கள். அவர்கள் உடம்பில் இருக்கும் தழும்பு நிஜம், வலியும் நிஜம். ஆனால் அந்தக் கையில் இருக்கும் நேர்த்தியை உற்றுப் பாருங்கள்: முதல் வெடிப்பு தலைக்கு மேல், உடம்பில் படாமல் வருகிறது. கூட்டத்தை நிறுத்துவது அதுதான். நாம் காசு போடுவதோ அடுத்து வரும் காயத்துக்கு. முதல் வெடிப்புக்கே கைதட்டலும் சம்பளமும் உண்டு என்று ஒரு விளையாட்டு மேடை சொல்லுமானால், இரண்டாவதற்கு அவசியம் இராது. சாட்டையை மறந்துவிடுவதைவிட, அதை இப்படி மாற்றிக்கொள்வதே அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய நன்மை.

மாடு என்ன பாவம் செய்தது என்று கேட்பார்கள். சரியான கேள்வி. சுமை இழுக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் ஆணி வைத்த குச்சியைத் தடை செய்கின்றன. தார்க்குச்சி என்று நாம் சொல்வதும் அதில் அடங்கும். காதருகே வெடிக்கும் ஓசையும் மாட்டுக்குப் பயம்தான், அதை இரக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆகவே சொடுக்கும் போட்டியைப் பந்தய வண்டியோடு இணைக்கவே கூடாது. மைதானத்தில் மாடு இல்லாமல், மனிதர் மட்டும் நின்று பழக வேண்டிய கலை இது.

ஆபத்து? இருக்கிறது. ஒலியை முந்தும் நுனி கண்ணில் பட்டால் பார்வை போகும், கன்னத்தில் பட்டால் தோல் கிழியும். கண்ணாடி, தொப்பி, முழுக்கைச் சட்டை, காதடைப்பு இல்லாமல் தொடங்கக் கூடாது. சாட்டை நீளமும் கை நீளமும் சேர்ந்த தூரத்தைப் போல் இரண்டு மடங்குக்குள் யாரும் நிற்கக் கூடாது. தொடக்கக்காரருக்குத் தோல் வேண்டாம், பின்னிய நைலான் கயிறே போதும். மழையில் நனைந்தாலும் கெடாது, சாரல் ஊருக்கு அது முக்கியம். நுனியில் கட்டும் நூல்தான் சாட்டையின் உயிர். சில நூறு சொடுக்கில் அது பஞ்சாகப் பிரிந்து, தூரிகை போல விரிந்து, கடைசியில் சிதறிவிடும். எவ்வளவு பெரிய விசை அந்த இரண்டு விரற்கடை இழையில் வந்து முடிகிறது என்பதை அதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். அதை அவிழ்த்துப் புது நூல் முறுக்கிக் கட்டப் பழகுவதுதான் முதல் பாடம். வீசுவது அதற்கு அப்புறம்.

ஆசானுக்கு எங்கே போவது என்று தேட வேண்டியதில்லை. கம்பு சுழற்றத் தெரிந்தவரின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். வீச்சைவிடச் சரியான இடத்தில் கையை நிறுத்துவதுதான் கஷ்டம் என்பதைச் சிலம்பம் ஆடுகிறவருக்கு யாரும் விளக்க வேண்டாம். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலேயே சிலம்பம் இடம் பிடித்திருக்கும் இந்தக் காலத்தில், அதன் துணை ஆயுதமான சாட்டைக்குத் தனிப் பிரிவு ஒன்று வைத்தால் யாருக்கு நஷ்டம்? குற்றாலத்தில் சாரல் திருவிழா நடக்கும் நாட்களில் கலைவாணர் கலையரங்கத்துக்கு வெளியூர்க் கூட்டம் வருகிறது. அங்கே கயிறு கட்டி ஒதுக்கிய வட்டத்துக்குள் பத்து மெழுகுவத்தி ஏற்றிவைத்து, மெழுகில் படாமல் சுடரை மட்டும் அணைக்கிறவருக்குப் பரிசு என்று அறிவிக்கலாம். பக்கத்தில் ஒரு பள்ளி இயற்பியல் ஆசிரியர் அதிவேகக் கேமராவோடு நின்றால், நுனி எங்கே ஒலியைத் தாண்டுகிறது என்பதை அங்கேயே திரையில் காட்டிவிடலாம். செலவு அதிகமில்லை. இந்த ஆண்டு சாரலுக்கே தொடங்கலாம்.