செக்ரோலும் கணினியும்

நேயர்களே, அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலே கொழுந்து நிறுக்கும் வேளையைச் சற்று நினைத்துப் பாருங்கள். கணக்கப்பிள்ளை எடையைச் சொல்லுகிறார், ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் ஒரு பகுதியைக் கழிக்கிறார், மிச்சத்தைக் குறித்துக்கொள்ளுகிறார். குறித்த நிறை சேர்ந்தால் முழுப்பேர். சேராவிட்டால் அரைப்பேர் ஆகவுங் கூடும். அந்த ஒரு கோட்டிலே ஒரு குடும்பத்தின் அன்றைய உலை அடங்கியிருக்கிறது. இந்தக் கணக்கைக் கணினியிடம் ஒப்படைக்க எண்ணுவோர் அதற்கான மென்பொருளை எவ்வாறு ஆக்கவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்து, ஓராண்டு இருந்து ஆக்கி, ஒரே நாளில் தோட்டமெங்கும் நிறுவிவிடலாம் என்று சிலர் நினைப்பர். அதில் உள்ள கேடு, பிழை சம்பள நாளிலேதான் வெளிப்படும் என்பது.

அமெரிக்க அறிஞர் பாரி போம் 1988ஆம் ஆண்டில் வேறொரு வழியை விளக்கி எழுதினார். அதனைச் சுருள் முறை என்பர். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இந்த வேலையைக் கவிழ்க்கக்கூடிய பெரிய இடர் யாது என்பதே. அதனைச் சிறு சோதனையால் தீர்த்துக்கொண்டு, கொஞ்சம் கட்டி, கட்டியதைப் பயன்படுத்துவோரிடம் காட்டி, அடுத்த சுற்றுக்குப் போகவேண்டும். 1990களில் ராஷனல் என்னும் நிறுவனம் வகுத்த முறையிலே இச்சுற்றுகள் தொடக்கம், விரிவாக்கம், கட்டுமானம், கைமாற்றம் என நான்கு கட்டங்களாயின.

தொடக்கத்திலே எல்லை குறிக்கப்படும். கொழுந்துக் கணக்கு மட்டுமா? சேமலாப நிதி, சங்கச் சந்தா, பண்டிகை முற்பணம் ஆகியனவும் உண்டா? பயன் செலவுக்கு ஈடாகாதென்று தெரிந்தால் வேலையை இங்கேயே நிறுத்திவிடலாம். அதில் வெட்கமில்லை.

விரிவாக்கமே உயிர்நாடி. மென்பொருள் எழுதுவோர்க்கு ஒரு பலவீனமுண்டு: அழகிய முகப்புத் திரையை முதலிற் செய்து பாராட்டுப் பெற விரும்புவார்கள். அதைப் பிறகு செய்யலாம். தொலைபேசி அலை எட்டாத பள்ளத்து மலையிலே, மழை கொட்டும் மாலையிலே, தராசிலிருந்து எடை பதிவாகுமா? அலை கிடைக்கும்வரை கருவி அதனைக் காத்து வைத்திருக்குமா? ஒரே பெயருடைய இருவரைச் செக்ரோல் எண்கொண்டு பிரித்தறியுமா? இவற்றுக்கு விடை காண ஓர் எலும்புக்கூடு போதும்; ஆனால் அது உண்மையாக ஓடவேண்டும்.

எல்லா இடரும் பொறியிலே இருப்பதில்லை. ஈரத்துக்குக் கழிக்கும் கிலோவை மென்பொருளுக்குள்ளே மறைத்து வைத்துவிட்டால், நேற்றுவரை கணக்கப்பிள்ளையோடு வழக்காடியவள் இன்று யாரோடு வழக்காடுவாள்? நிறுத்த எடை, கழிவு, மிச்சம் மூன்றும் தமிழிலே துண்டில் தனித்தனியே வரவேண்டும். இடர்ப் பட்டியலைத் துரையின் காரியாலயத்திலே மட்டும் எழுதினால் இந்தச் செய்தி அதில் இடம்பெறாது. ஆகவே கொழுந்து எடுப்பவர்களை முதற் சுற்றிலேயே கேட்கவேண்டும் என்பேன்.

அதன் பின்னர்க் கட்டுமானம் பெரும்பாலும் உழைப்பே. சில வாரங்களுக்கு ஒருமுறை ஓடக்கூடிய பகுதியொன்று வெளிவரும்.

கைமாற்றத்துக்குத் தேயிலை வணிகத்திலேயே நல்ல சான்று ஒன்றுண்டு. இலண்டனில் தேநீர்ச் சாலைகள் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம் லியோ என்னும் கணினியைத் தானே அமைத்தது. 1951 நவம்பரிலே அதனிடம் முதலில் விட்டது ரொட்டிச் சாலைகளின் உற்பத்தி மதிப்புக் கணக்கு. அது தவறினாலும் எவர் வீட்டு அடுப்பும் அணையாது. சம்பளக் கணக்கையோ 1954 வரை ஒப்படைக்கவில்லை. அதற்கு முன் எழுத்தர்கள் போட்ட கணக்கோடு பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஓட்டிப் பார்த்தனர்.

மலைநாட்டிலும் இவ்வாறே செய்யலாம். முதலில் ஒரு டிவிஷன். அங்கே சில சம்பள மாதங்களுக்குக் கைக்கணக்கும் கணினிக் கணக்கும் ஒருங்கே நடக்கட்டும். இரண்டும் ஒவ்வாத இடத்திலே பிழை எதனுடையது என்று ஒவ்வொரு பேராகத் தீர்க்கும்வரை, பழைய செக்ரோலை அலுமாரியில் வைத்துப் பூட்டலாகாது.