தெருவின் எந்தப் பக்கம்?

கதவில் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். முகவரியில் ‘லாஸ் ஏஞ்சல்ஸ்’ என்று இருக்கிறதே என்று மேயர் அலுவலகத்தை அழைத்தால், “உங்கள் தெரு எங்கள் எல்லையில் வராது” என்பார்கள். கலிஃபோர்னியாவில் இது வேடிக்கைப் பேச்சல்ல.

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டிக்குள் 88 நகரங்கள் உண்டு. ஆனால் அதன் பரப்பில் பாதிக்கும் மேல் எந்த நகரத்திலும் சேராத நிலம். ‘அன்இன்கார்ப்பரேட்டட்’ பகுதி என்பார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ், அல்டடீனா, லெனாக்ஸ் போன்ற இந்த ஊர்களில் சுமார் 10 லட்சம் பேர் வசிக்கிறார்கள். மேயர் கிடையாது, நகர மன்றமும் கிடையாது. கவுன்ட்டியின் ஐந்து சூப்பர்வைசர்கள்தான் உள்ளூர் அரசாங்கம். காவலுக்கு ஷெரிஃப். சில தெருக்களில் ஒரு பக்கம் நகரம், எதிர்ப்பக்கம் கவுன்ட்டி. பக்கம் மாறினால் வாடகைச் சட்டமும் மாறிவிடும். ஆகவே முதல் வேலை, கவுன்ட்டி இணையதளத்தில் முகவரியைத் தட்டி, நாம் யாருடைய எல்லையில் இருக்கிறோம் என்று பார்ப்பது.

வீடற்றோர் என்றதும் பாலத்தடிக் கூடாரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. கூடாரம் கடைசிக் கட்டம். அதற்குப் பல மாதம் முன்பே, வாடகை பாக்கியில் கதை தொடங்கிவிடுகிறது. பிடித்து நிறுத்த வேண்டிய இடம் அதுதான். எந்த நகரத்திலும் சேராத பகுதிகளுக்கென கவுன்ட்டியின் வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் இல்லாமல் வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி என்றாலும் அது குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். வரம்பு அவ்வப்போது மாறுவதால் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. 1995 பிப்ரவரி 1-க்குள் குடியேற்றச் சான்று பெற்ற பழைய அடுக்ககங்களில் பெரும்பாலானவற்றுக்கு வாடகை உயர்விலும் உச்சவரம்பு உண்டு.

வழக்குத் தாள் கையில் கிடைத்துவிட்டால் நாட்களை எண்ண ஆரம்பியுங்கள். பதில் தாக்கல் செய்ய முன்பு 5 நீதிமன்ற நாட்கள்தான் இருந்தன. 2025 ஜனவரி முதல் 10. பயந்துபோய் பேசாமல் இருந்தால், உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். பலர் தோற்பது வழக்கில் அல்ல, இந்த மௌனத்தில்தான். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இப்பகுதிகளில் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையும் அதே மாதம்தான் வந்தது. ‘ஸ்டே ஹவுஸ்டு எல்.ஏ.’ திட்டத்தில் கேட்கலாம். வீட்டுக்காரரே பூட்டை மாற்றினாலோ, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினாலோ அது சட்டவிரோதம். நீதிமன்ற உத்தரவோடு வரும் ஷெரிஃபைத் தவிர வேறு யாரும் உங்களை வெளியே தள்ள முடியாது.

ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டவர்களுக்கு? 2023 ஜனவரியில் சூப்பர்வைசர்கள் வீடின்மையை நெருக்கடிநிலையாக அறிவித்தார்கள். அதே ஆண்டு தொடங்கிய ‘பாத்வே ஹோம்’ திட்டம், ஒரு முகாமில் இருப்பவர்களை மொத்தமாக மோட்டல் அறைகளுக்கு மாற்றி, அங்கிருந்து நிரந்தர வீட்டுக்கு வழிதேடுகிறது. செலவுக்கு, 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட அரை சென்ட் விற்பனை வரி இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமும் கவுன்ட்டியும் சேர்ந்து நடத்திய வீடற்றோர் சேவை ஆணையத்தின் கணக்குகளில் தணிக்கையாளர்கள் ஓட்டை கண்டார்கள். தன் பணத்தை அங்கிருந்து எடுத்துத் தனித் துறை அமைக்க 2025 ஏப்ரலில் கவுன்ட்டி முடிவு செய்தது. அலுவலகப் பலகை மாறியதால் மோட்டல் அறை கூடுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பொது இடத்தில் படுத்து உறங்குவதற்கு அரசுகள் தண்டனை விதிக்கலாம் என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிப் படுத்தவர்களை அடைக்கத் தன் சிறைகளைப் பயன்படுத்துவதில்லை என்று அடுத்த மாதமே சூப்பர்வைசர்கள் முடிவெடுத்தார்கள். ஆனால் நகர எல்லைக்குள் நகரத்தின் விதிதான். இங்கேயும் தெருவின் பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது.

உடைமைகள் விஷயம் வேறு. சற்று நேரம் விட்டுச் சென்ற பொருட்களை அள்ளி அழிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்ற 2012-ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. அடையாள அட்டை, மருந்து, துணிமணி எதுவானாலும், முன்கூட்டியே போனில் படம் எடுத்து வைத்திருப்பது உதவும். கவுன்ட்டி ஆட்கள் எடுத்துப் போய்விட்டால் தேதி, இடம், வண்டி எண் குறித்துக்கொண்டு, 6 மாதத்துக்குள் கவுன்ட்டிக்கு இழப்பீட்டு மனு கொடுக்க வேண்டும். படுக்க இடம், உணவு, வழக்கறிஞர் என எது வேண்டுமானாலும் 211-ஐ அழைக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் கேளுங்கள்.