ராஜினாமா எழுதும் முன்...

இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக, 2021 செப்டம்பர் 9ல் போர்டு நிறுவனம் அறிவித்தது. எங்கள் மறைமலை நகர் ஆலையில், 2022ல் கடைசி கார் வெளியே வந்தது. உதிரி பாகம் செய்து கொடுத்த சிறு கம்பெனிகளும் ஆட்டம் கண்டன. அதில் ஒன்றில்தான், என் கணவர் 11 வருடமாக வேலை பார்த்தார்.

'ஆளைக் குறைக்கிறோம். ஒரகடத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை வாங்கித் தர்றோம்; ராஜினாமா எழுதிக் கொடுங்க' என்றனர். சம்பளம் குறைவு. ஆனாலும், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பீஸை நினைத்து, 'போயிடட்டுமா?' என்றார் இவர். இரண்டு நாள் தூக்கமே இல்லை.

தொழிற்சங்க விவரம் தெரிந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம். 'நிர்வாகமே ஆட்குறைப்பு செய்தால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும், 15 நாள் சராசரி சம்பளம் நஷ்டஈடு தரணும். உங்களுக்கு 165 நாள் சம்பளம் வரும். நீங்களா ராஜினாமா செய்தால், கிராஜுவிட்டி மட்டும்தான். வேறு முதலாளியிடம் போக மறுத்தாலும், இந்த உரிமை போகாது' என்றார்.

'அந்தப் பணம் வரட்டும். அதுவரை நான் தையல் மிஷினை மிதிக்கிறேன்' என்றேன். இவரும் ராஜினாமா எழுதவில்லை. மூன்று மாதம் இழுத்தடித்து, நஷ்டஈடு கொடுத்தனர். பின், ஒரகடத்திலேயே வேறு கம்பெனியில் சேர்ந்து விட்டார்.

தோழிகளே... உங்க வீட்டிலும் இப்படி மாற்று வேலை தேடி வந்தால், யார் தருகின்றனர், பழைய சர்வீஸ் தொடருமா, எந்தக் காகிதத்தில் கையெழுத்து கேட்கின்றனர் என்று பார்த்து, அப்புறம் முடிவெடுங்க!

- ஒரு வாசகி, மறைமலை நகர்.