திருவிழா விளம்பரத்துக்கு உபயதாரர் யார்?

கொடியேற்றம் முதல் விடையாற்றி வரை எந்த நாள் எவருடைய உபயம் என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது நம் ஆலயங்களின் மரபு. பூமாலைக்கு ஒருவர், அன்னதானத்துக்கு ஒரு குடும்பம் எனப் பொறுப்பு பகிரப்படுகிறது. ஓர் ஊரையும் அதன் விழாக்களையும் உலகுக்கு அறிமுகம் செய்யும் சுற்றுலா வாரியங்களும் ஏறத்தாழ இவ்வாறே செயல்படுகின்றன. அங்கும் திட்டம் உண்டு, நாள்காட்டி உண்டு, உபயதாரரும் உண்டு. அந்தப் பணம் எங்கிருந்து வந்து எங்கே சேர்கிறது என்பதை ஆலய நிர்வாகங்கள் அறிந்திருத்தல் நலம்.

நாட்டளவில் இப்பணிக்கென 1972 ஆம் ஆண்டில் ஒரு கழகம் தோற்றுவிக்கப்பட்டது. 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது மலேசியச் சுற்றுலா ஊக்குவிப்பு வாரியமாயிற்று. மாநில அளவில், சிலாங்கூர் அரசாங்கத்தின் ‘டூரிசம் சிலாங்கூர்’ நிறுவனம் இப்பொறுப்பை ஏற்றுள்ளது. 2025 ஆம் ஆண்டு சிலாங்கூர் வருகை ஆண்டாகவும், 2026 ஆம் ஆண்டு மலேசிய வருகை ஆண்டாகவும் அறிவிக்கப்பட்டன.

இவற்றின் முதல் உபயதாரர் அரசாங்கமே. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு வழங்கப்படுகிறது. இரண்டாவது உபயதாரர் பயணியே. 2017 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள சுற்றுலா வரியின்படி, வெளிநாட்டுப் பயணிகள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி செலுத்துகின்றனர். தங்கும் விடுதிகள் அதனை வசூலித்துச் சுங்கத் துறையிடம் ஒப்படைக்கின்றன. அவ்வரியில் பாதியை மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்வதாக 2019 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. பினாங்கு மாநிலமோ 2014 ஆம் ஆண்டிலேயே விடுதி அறைகளுக்குத் தனிக்கட்டணம் விதித்துவிட்டது. மூன்றாவதாக, விமான நிறுவனங்களும் விடுதிகளும் பயண முகவர்களும் கூட்டு விளம்பரங்களில் பங்கேற்கின்றனர்.

பணம் அமைந்தபின் எழும் முதற்கேள்வி, எவரை அழைப்பது என்பதாகும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்களுக்கு விசா விலக்கு வழங்கப்பட்டது. ஆகவே சென்னையும் திருச்சியும் வாரியங்களின் கண்ணுக்கு முக்கியச் சந்தைகளாகின்றன. அடுத்த கேள்வி, எதனைக் காட்டுவது என்பது. பத்துமலை இதற்குத் தலையாய சான்று. அங்கு 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 272 படிகளும், 2006 இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் இன்று நாட்டின் அடையாளங்களாகவே அச்சிடப்படுகின்றன. ஆயினும் அவ்விழா சுற்றுலாவுக்காகத் தோன்றியதன்று. பக்தர்களின் நேர்த்திக்கடனே அதனை வளர்த்தது.

பத்துமலைக்குக் கிடைத்த வெளிச்சம் தெலுக் பங்லிமா காராங் போன்ற ஊர்களுக்கு ஏன் கிட்டுவதில்லை? கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் வழியிலுள்ள இவ்வூருக்கு அருகே கேரித் தீவு இருக்கிறது. அங்கு மா மெரி பூர்வகுடியினரின் மரச்சிற்பக் கலை புகழ்பெற்றது. சற்றுத் தொலைவில் ஜுக்ரா குன்றும் மோரிப் கடற்கரையும் உள்ளன. பன்னாட்டு விமான நிலையமோ பக்கத்து மாவட்டமான சிப்பாங்கில் இருக்கிறது. குறை காட்சியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. காலையில் வந்து மாலையில் திரும்பும் பக்தர் எந்த விடுதியிலும் தங்குவதில்லை. அறைக்கணக்கில் ஏறாதவர் வரிக்கணக்கிலும் ஏறுவதில்லை. அவருக்காகத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதும், விழா முடிந்தபின் குப்பை அகற்றுவதும் ஆலயத் தொண்டர்களுக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் உரிய சுமையாகி விடுகின்றன.

இதற்கு வழி அண்டையிலேயே உண்டு. ஜென்ஜாரோமில் உள்ள டோங் சென் பௌத்த ஆலயம், சீனப் புத்தாண்டுக் காலத்தில் விளக்குகளாலும் மலர்களாலும் தன்னை அலங்கரித்து, இனவேறுபாடின்றி மக்களை ஈர்க்கிறது. எப்போது வரவேண்டும், எதனைக் காணலாம் என்பது வருபவர்க்கு முன்பே தெரிந்திருக்கிறது. நம் விழாக்களின் தேதி திதியையும் நட்சத்திரத்தையும் பொறுத்து ஆண்டுதோறும் மாறும். பயண முகவர்களோ பல மாதங்களுக்கு முன்பே தங்கள் திட்டங்களை முடித்துவிடுகின்றனர். விழாவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன் அச்சாகும் அழைப்பிதழ் அவர்களுக்குப் பயன்படாது.

ஆகவே அடுத்த ஆண்டின் விழா நாட்களைப் பஞ்சாங்கப்படி கணித்து, முன்னதாகவே மாநிலச் சுற்றுலா நிறுவனத்திடம் எழுத்து மூலம் அளிக்கலாம். வருகையாளர் தொகையை ஒவ்வோர் ஆண்டும் குறித்து வைக்கலாம். ஆண்டிறுதியில் மாநில வரவு செலவுத் திட்டம் தாக்கலாகுமுன், கழிப்பறை, வாகன நிறுத்துமிடம், வழிகாட்டிப் பலகை ஆகிய தேவைகளை அக்கணக்குடன் முன்வைக்கலாம். புகைப்படம் எடுப்போர் எங்கு நிற்கலாம், கருவறை முன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் ஆலயமே வரையறுத்துக் கொடுத்தல் வேண்டும். காவடி காணிக்கையே தவிர, காட்சிப் பொருளன்று.

விளம்பரச் செலவுக்கு வாரியம் உபயதாரராக இருக்கட்டும். வருபவர் மனநிறைவோடு திரும்புவதற்கான வசதிகளும் அந்த உபயத்தில் அடங்க வேண்டுமெனக் கேட்பது, விழாவை நடத்தும் ஊராரின் உரிமையாகும்.