மலை இறங்கும் முன் எழுதும் சீட்டு

ஜவ்வாதுமலையில் நிறைமாதக் கர்ப்பிணிக்கு வலிப்பு வந்துவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் கையில் எடுக்க வேண்டிய மருந்து மெக்னீசியம் சல்பேட். 50 சதவீதக் கரைசலில் 2 மில்லி ஆம்பூல் ஒன்றில் இருப்பது 1 கிராம். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முன் போடும் முதல் தவணையோ 10 கிராம். இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராமாகத் தசையில் போட வேண்டும். ஆக, பத்து ஆம்பூல்களை உடைக்க வேண்டும். அளவு மிஞ்சினால் மூச்சே அடங்கிவிடும். அதனால் மூச்சு எண்ணிக்கை, முழங்கால் அனிச்சை, சிறுநீர் மூன்றையும் கவனித்தபடி, முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட்டையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

பிறகு 108 வண்டி போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ இறங்கும். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது ரெஃபரல் சீட்டில் விடுபட்டால், கீழே இன்னொரு முழுத் தவணை ஏறிவிடக்கூடும்.

அப்படி ஒன்றை எழுத விட்டுப்போனது வண்டி கிளம்பிய பிறகு நினைவுக்கு வந்தால், அந்த சிஸ்டர் உடனே போனை எடுத்துச் சொல்வாரா? நோயாளி பாதுகாப்புக் கலாச்சாரம் என்பதன் உயிர்நாடி இந்தக் கேள்விதான். இதை அளக்க அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு அமைப்பு 2004-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டது. ஆள் போதுமா, பணி மாறும்போது தகவல் முழுதாகக் கைமாறுகிறதா, தவறு நடந்தால் மேலிடம் எப்படி நடத்துகிறது என்றெல்லாம் ஊழியர்களையே அது கேட்கிறது. பல நாடுகளிலும் செவிலியர்கள் மிகக் குறைந்த மதிப்பெண் கொடுப்பது தவறை மேலிடம் எதிர்கொள்ளும் விதத்துக்குத்தான்.

தவறைச் சொன்னால் தண்டனை வருமோ என்ற பயத்துக்கு நம் ஊரில் பெயர் மெமோ. 24 மணி நேரப் பிரசவத்துக்காகத் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள். மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் என்றால் நைட் டூட்டியில் ஒருவர்தான். ஆம்பூலைச் சரிபார்க்க இரண்டாவது கண் கிடையாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015 முதல் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள், பணி நிரந்தரம் கேட்டுப் பலமுறை தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். வேலையே உறுதியில்லாதவரிடம் உன் தவறை நீயே எழுதிக் கொடு என்று கேட்பது நியாயமில்லை. பணி நிரந்தரத்தைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது பிழை. அது நோயாளியின் உயிரோடும் சம்பந்தப்பட்டது.

சொன்னால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பாம்புக்கடியைப் பார்க்கலாம். இரத்தம் உறையும் தன்மையை அறிய, சிறிது இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். குழாயைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருந்தாலோ, பிளாஸ்டிக் குழாயாக இருந்தாலோ முடிவு பொய்யாகிவிடும். தேவையில்லாதவருக்கும் விஷமுறிவு மருந்து ஏறும். அந்த மருந்துக்கே கடும் ஒவ்வாமை வரலாம். ஒரு செவிலியர் இதைக் கவனித்து, திட்டு விழாது என்ற நம்பிக்கையோடு மாதக் கூட்டத்தில் சொன்னால் போதும், மலையிலுள்ள மற்ற நிலையங்களிலும் மறுநாளே குழாய்களை மாற்றிவிடலாம்.