அரிசி இருக்கிறது, காய் எங்கே?

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது தமிழகக் கிறிஸ்தவத் தாய்மார்களின் பழைய வழக்கம். 'கைப்பிடி அரிசி' என்று அதற்குப் பெயர். சேர்ந்த அரிசி ஆலயத்துக்குக் காணிக்கையாகப் போகும். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷன் மதுரையில் காலூன்றியது. பசுமலை, திருமங்கலம் என்று சபைகள் பெருகின. கூலி வேலை செய்தவர்களிடம் காசு ஏது? அரிசி கொடுத்தார்கள், கோழி கொடுத்தார்கள், கொல்லைப் பூசணிக்காயைக் கொடுத்தார்கள்.

இன்றும் அறுப்பின் பண்டிகையன்று ஆலயத்தில் வாழைத்தாரும் கரும்பும் கத்தரிக்காயும் குவிந்து கிடப்பதைக் காணலாம். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒற்றை எலுமிச்சம்பழம் கடை விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும்! எடுத்தவருக்கும் சந்தோஷம், சபைக்கும் வருமானம். ஆனால் அந்தக் காய் யார் வீட்டுக் குழம்பில் கொதிக்கிறது? கையில் பணமுள்ளவர் வீட்டில்தான்.

குறைவது எது?

2011 ஜூன் முதல் தமிழக ரேஷன் கடைகளில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். சோறு பொங்கிவிடலாம்; தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இராது. சபையார் ஏழைகளுக்குக் கொடுக்கும் பையிலும் அரிசியும் பருப்பும் இருக்குமே தவிர, கீரை இராது. வாங்கினால் செலவு, வைத்திருந்தால் வாடிவிடும். காலி இடமும் கிணறும் உள்ள ஆலய வளாகம் இங்கேதான் உதவிக்கு வர முடியும்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர், பறிப்பாரின்றி மரத்திலேயே விடப்பட்ட பழங்களைச் சேகரித்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்துவந்தார். 1967-ல் புனித மரியாள் ஆலயத்தார் ஒரு பழைய கட்டடத்தைக் கொடுத்தார்கள். அதுவே உலகின் முதல் 'உணவு வங்கி' ஆயிற்று. போவாசின் வயலில் ரூத் கதிர் பொறுக்கிய வேதாகமக் கதையின் மறுபிறவி எனலாம்!

மதுரை மண்ணில் தோட்டம் போடுவது விளையாட்டல்ல. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். சித்திரையில் கிணறு அடியைக் காட்டும். ஆகவே ஆடியில் கொத்தி எருப் போட்டுத் தொடங்குவதே முறை. சிறுகீரையை 25 நாளில் பறிக்கலாம். வெண்டைக்கு 45 நாளாவது வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.-1 முருங்கை ஆறேழு மாதத்தில் காய்ப்புக்கு வரும். ஓரளவு வறட்சியையும் தாங்கும்.

தண்ணீரைவிடப் பெரிய கஷ்டம் ஆள். முதல் நாள் மண்வெட்டி பிடிக்க ஐம்பது பேர் வருவார்கள். ஐந்தாவது வாரம் பாவம், கோயில்பிள்ளை ஒருவர்தான் வாளியும் கையுமாக நிற்பார். கிழமைக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்தால் பிழைக்கும். காய் பெறுகிறவர்களில் உடம்பில் தெம்புள்ளவர்களுக்கும் ஒரு பாத்தி கொடுக்கலாம். கூச்சமின்றி வாங்கிச் செல்வார்கள்.

கீரையைக் கொடுக்கிற அன்று காலையிலேயே பறிக்க வேண்டும். தோட்டத்துக் காய் ஏலத்துக்குப் போகாது என்று முன்னதாகவே சபைக் கமிட்டி தீர்மானம் எழுதிவிடுவது உத்தமம். முதல் அறுப்பு எந்தெந்த வீடுகளுக்கு என்ற பட்டியலும் விதை போடுமுன்பே தயாராகட்டும். 25 நாள் ஓடிவிடும்.